பூவுக்குச் சிறை, இலைக்கு உரிமம்

(மதுரையில் சட்ட, மருத்துவ மாணவர்கள் கூடியிருந்த அரங்கில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சுற்றி வளைக்காமல் தொடங்குகிறேன். வயது வந்தோருக்குக் கஞ்சாவை அரசே தன் கட்டுப்பாட்டில் விற்க வேண்டும், அதற்கு வரி விதிக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்த வரியைக் கஜானாவை நிரப்பும் வழியாக ஒருநாளும் நினைக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறேன். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் நம் சட்டத்தைப் பார்ப்போம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கோர்ட்டில் நாங்கள் என்டிபிஎஸ் என்று சொல்வது, கஞ்சாச் செடியின் எல்லாப் பாகத்தையும் கஞ்சா என்று சொல்லவில்லை. பூத்த, காய்த்த நுனிகள்தான் கஞ்சா. அதன் பிசின் சரஸ். நுனியோடு சேராமல் தனியே இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் ஜெய்சல்மேரிலும் காசியிலும் அரசு உரிமம் பெற்ற பாங்கு கடைகள் பட்டப்பகலில் பெயர்ப்பலகை மாட்டி நடக்கின்றன. இலையை அரைத்துப் பாலில் கலந்து விற்பவருக்கு உரிமம் உண்டு. அதே செடியின் பூவை 20 கிலோவுக்கு மேல் தூக்கி வந்தவருக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை.

அந்தப் பூவைத் தூக்கி வருகிறவர் யார் என்பதை நீதிமன்றத்தில் பார்க்கலாம். பெயரும் ஊரும் வேண்டாம், ஒரு வழக்கைச் சொல்கிறேன். இருபது வயதைத் தாண்டியிருக்கும் ஒரு பையன், விசாகப்பட்டினம் பக்கமிருந்து வரும் ரயிலில் இரண்டு பைகளோடு இறங்கினான். பைக்குள் பழுப்பு நிற டேப் சுற்றிய பொட்டலங்கள். மகஜரில் ஏறிய எடை 21 கிலோ. பொட்டலத்தைப் பிரித்தால் பூ மட்டுமா இருக்கும்? காம்பு, தண்டு, இலை, விதை, வழியில் ஏறிய ஈரம் எல்லாம் சேர்த்து அழுத்திக் கட்டியிருக்கும். அத்தனையும் ஒன்றாகவே தராசில் ஏறியது. பூ நுனியைத் தனியே பிரித்து நிறுத்தியிருந்தால் 20க்குக் கீழே வந்திருக்கும் என்பது எங்கள் வாதம். அந்த ஒரு கிலோவில் அவன் வாழ்க்கையே அடங்கியிருந்தது. 20க்குள் நின்றால் அதிகபட்சத் தண்டனைதான் 10 ஆண்டு, நீதிபதி பார்த்துக் குறைக்கலாம். 20ஐத் தாண்டினால் குறைந்தபட்சமே 10. ஜாமீன் கேட்டால் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்புவதற்கு முகாந்திரம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே அப்படித் தோன்ற எங்கே வழி? சரக்கு யாருடையது என்று அந்தப் பையனுக்கே தெரியாது. கொடுத்தவர் ஒரு கைபேசி எண், வாங்க வேண்டியவர் இன்னொரு எண். இரண்டும் அன்று மாலையே அணைந்துவிட்டன.

2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ தொடங்கியது. பிறகு 2.0, 3.0, 4.0 என்று அது வளர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள், பலர் மீது குண்டர் சட்டமும் பாய்ந்தது. காவலர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேட்டைக்குப் பிறகு உங்கள் ஊரில் கஞ்சா கிடைக்காமல் போயிற்றா என்று விடுதிகளில் தங்கிப் படிக்கும் நீங்களே சொல்லுங்கள். ஒரு காலத்தில் கம்பம், வருசநாட்டு மலைகள் இதற்குப் பேர் போனவை. அங்கே அழித்தார்கள். இன்று ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருகிறது. அதே சரக்கு இராமேசுவரம், வேதாரண்யம் கரைகளில் படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தால் அங்கே அதற்குக் ‘கேரள கஞ்சா’ என்று பெயர்.

கஞ்சாவுக்கு வரி என்றதும் ஏதோ அமெரிக்காவிலிருந்து இறங்கிய யோசனை என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கஞ்சாவுக்கு வரி இருந்தது. அதைப் பற்றிய மிகப் பெரிய விசாரணையும் இங்கேதான் நடந்தது. 1893இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில், மது எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த வில்லியம் கெய்ன் என்ற உறுப்பினர், கஞ்சாவின் பயிரும் வணிகமும் மக்களின் சமூக, ஒழுக்க நிலையை எப்படிப் பாதிக்கின்றன என்று விசாரிக்கக் கோரினார். மாக்வொர்த் யங் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர்கள். வங்காளம், பம்பாய், சென்னை, பஞ்சாப், பர்மா என்று சுற்றி 1,193 சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்கி, 1894இல் அறிக்கை கொடுத்தார்கள்.

அந்த அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது மனநலக் காப்பகங்களைப் பற்றிய பகுதி. காப்பகப் பதிவேடுகளில் நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில் கஞ்சா, கஞ்சா என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. இதை எழுதியது யார் என்று ஆணையம் ஒவ்வொரு வழக்காகப் பின்னோக்கிப் போய்த் தேடியது. தெருவில் திரிந்தவரைப் பிடித்து வந்த போலீஸ்காரர் கொடுத்த படிவத்தில் காரணம் கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. அதை வெறுமையாக விட முடியாது. அவர் கஞ்சா என்று நிரப்பினார். மருத்துவர் அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றினார். ஆண்டு முடிவில் அது புள்ளிவிவரமாகி லண்டன் வரை போயிற்று. 1892ஆம் ஆண்டின் சேர்க்கைகளை ஆணையம் மீண்டும் ஆராய்ந்தபோது பெரும்பாலானவற்றில் அந்தக் காரணம் நிற்கவில்லை. நின்றவையும் உண்டு, அவற்றை ஆணையம் மறைக்கவில்லை. அளவாகப் பயன்படுத்துவோருக்குப் பெருங்கேடு இல்லை, மிதமிஞ்சினால் கேடு என்பதே அதன் முடிவு.

என்ன செய்யச் சொன்னார்கள்? முற்றிலும் தடுத்தால் கள்ளச்சரக்கு பெருகும், ஊமத்தை போன்ற கொடிய நஞ்சுகளிடமும் சாராயத்திடமும் ஆட்கள் போவார்கள் என்று அஞ்சினார்கள். உரிமம் இல்லாமல் பயிரிடக் கூடாது, கடைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், ஒருவர் கையில் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வரம்பு வேண்டும், வரி விலையை உயர்த்தும் அளவுக்கு இருக்க வேண்டும், ஆனால் கள்ளக்கடத்தலைத் தூண்டும் அளவுக்கு ஏறிவிடக் கூடாது என்றார்கள். இந்திய உறுப்பினர்களில் இருவர் இதை ஏற்காமல், இன்னும் கடுமையான தடை வேண்டும் என்று மாற்றுக் கருத்து எழுதினார்கள். வெள்ளைக்கார அரசுக்கு இந்த வரியால் வருமானம் இருந்தது, அதனால் ஆணையத்தின் நடுநிலையைச் சந்தேகிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சந்தேகிக்கட்டும். ஆனால் இந்த ஆணையம் போல இத்தனை பேரைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வந்த விசாரணை, 1985இல் சட்டம் போட்டபோது நடக்கவில்லை.

அந்த வரி எப்படி வசூலானது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்றைய வங்கதேசத்தில், ராஜசாகி பக்கம், நவ்காவ் என்ற ஊரைச் சுற்றி ‘கஞ்சா மகால்’ என்ற பகுதி இருந்தது. உரிமம் வாங்கிய உழவர்கள் மட்டும் அங்கே பயிரிடுவார்கள். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் மகரந்தம் பட்டுவிட்டால் பெண் செடி விதை பிடித்துவிடும், பிசின் குறையும், விலை போகாது. அதனால் ஆண் செடியை அரும்பும்போதே அடையாளம் கண்டு பிடுங்கி எறிவதற்கென்று ‘போத்தார்’ என்ற கைதேர்ந்த ஆட்கள் வயல் வயலாகப் போவார்கள். அறுத்த கதிரைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் தட்டைக் கஞ்சா, உருட்டினால் உருட்டுக் கஞ்சா, உதிர்ந்தது தூள். எல்லாம் அரசுக் கிடங்குக்குப் போகும், வரி கட்டிய பிறகே வெளியே வரும். காம்பு அதிகம் உள்ள தட்டைக்குக் குறைந்த வரி, காம்பே இல்லாத தூளுக்குக் கூடுதல் வரி. 1917இல் அந்த உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதன் லாபத்தில் பள்ளிக்கூடமும் மருந்தகமும் சாலையும் வந்தன.

அந்த வரிமுறையின் நுட்பம் இன்றைக்கும் நமக்குப் பாடம். எடைக்கு வரி போட்டால் விற்பவர் குறைந்த எடையில் அதிகப் போதையை அடைக்கப் பார்ப்பார். போதைக்கு ஏற்ப வரி போட்டால் மென்மையான சரக்கு மலிவாகவும் கடுமையானது விலை கூடியும் நிற்கும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் இதைத்தான் செய்கிறது. போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் 35 விழுக்காட்டுக்குள் இருந்தால் 10 விழுக்காடு வரி, அதற்கு மேல் போனால் 25 விழுக்காடு. நவ்காவ் கிடங்கில் கண்ணால் பார்த்துப் பிரித்ததை இவர்கள் ஆய்வகத்தில் அளந்து பிரிக்கிறார்கள்.

பிறகு நமக்கு ஏன் இது மறந்தது? 1961இல் ஐக்கிய நாடுகளின் ஒற்றை உடன்படிக்கை வந்தது. கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தார்கள். இங்கே வழக்கம் வேரோடியிருக்கிறது என்று இந்தியா வாதாடியதால் இலை தப்பியது. மற்றதை நிறுத்த 25 ஆண்டு தவணை கிடைத்தது. அந்தத் தவணை முடியும் தறுவாயில் வந்ததுதான் நம் 1985 சட்டம். கஞ்சாவை அந்தக் கடும் பட்டியலிலிருந்து எடுப்பது பற்றி 2020 டிசம்பரில் வியன்னாவில் ஐ.நா. ஆணையம் வாக்கெடுத்தபோது 27க்கு 25 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. எடுக்க வேண்டும் என்று வாக்களித்த 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் ஒரு நிலை, உள்ளூர்க் கோர்ட்டில் வேறொரு நிலை.

இப்போது கடை திறந்த நாடுகளுக்கு வருவோம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2012இல் மக்கள் வாக்கெடுப்பில் முடிவெடுத்து, 2014 ஜனவரி 1 முதல் விற்கத் தொடங்கியது. மொத்த விற்பனையில் 15 விழுக்காடு, சில்லறையில் இன்று இன்னொரு 15 விழுக்காடு வரி. வரும் பணத்தில் ஒரு பகுதி பள்ளிக் கட்டடங்களுக்கு. கேட்கவே இனிக்கும். 2021இல் 42 கோடி டாலருக்கு மேல் வந்த வரி, இரண்டே ஆண்டில் 28 கோடிக்குக் கீழே இறங்கியது. பக்கத்து மாநிலங்கள் கடை திறந்தன, விலை விழுந்தது. அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போட்டவர்கள் திணறினார்கள். கலிபோர்னியா பயிருக்கும் விற்பனைக்கும் அடுக்கடுக்காக வரி போட்டது. கள்ளச்சந்தை அதைவிட மலிவாக விற்றுக்கொண்டே இருந்தது. கடைசியில் 2022 ஜூலையில் பயிர் வரியையே நீக்கினார்கள். தாய்லாந்து 2022இல் பட்டியலிலிருந்து எடுத்ததோடு சரி, விதிமுறை எழுதவில்லை. தெருவெல்லாம் கடை முளைத்து, 2025இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று பின்வாங்கினார்கள்.

எனக்குப் பிடித்தது கியூபெக். கனடா முழுவதும் 2018 அக்டோபர் 17இல் கஞ்சா சட்டப்படியானது. கியூபெக் மாநிலம் தனியாரை உள்ளே விடாமல் அரசுக் கடைகளை மட்டும் திறந்தது. விளம்பரம் கிடையாது. 2020இல் வயது வரம்பை 21 ஆக்கியது. லாபம் பொதுக் கஜானாவில் கலந்துவிடாமல், பெரும்பகுதி போதைத் தடுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நிறைய விற்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கடைக்கு வர வழியில்லை.

அரசுக் கடை என்றதும் உங்கள் நினைவுக்கு டாஸ்மாக் வந்திருக்கும். வர வேண்டும். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி போட்டார், இந்தியாவிலேயே முதல்முறையாக. குடிப் பணம் இல்லாமலும் ஓர் அரசு நடக்கலாம் என்று காட்டிய மாநிலம் இது. அதே மாநிலத்தில் 2003இல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசு கையில் எடுத்தது. இன்று அதிலிருந்து ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. கடையை மூடுங்கள் என்று பெண்கள் தெருவில் உட்காரும்போதெல்லாம் பட்ஜெட்தான் குறுக்கே வந்து நிற்கிறது. அதனால் கஞ்சா வரிக்கு நான் வைக்கும் நிபந்தனை கண்டிப்பானது. அதில் வரும் ஒரு ரூபாய்கூடப் பொது நிதியில் சேரக் கூடாது. மறுவாழ்வு மையம், பள்ளி ஆலோசகர், மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவு, இவற்றுக்கென்று தனிக் கணக்கு. விற்பனை குறைந்தால் நிதி அமைச்சருக்கு வருத்தம் வராத ஏற்பாடு அது ஒன்றுதான்.

மருத்துவ மாணவர்கள் இருக்கிறீர்கள், தீமையைப் பேசாமல் விட்டால் என்னை மதிக்க மாட்டீர்கள். வளரும் மூளைக்குக் கஞ்சா கெடுதல். இளம் வயதில் தினமும் அடிக்கடி புகைப்போருக்கு மனச்சிதைவு நோய்க்கான ஆபத்து கூடுகிறது, குடும்பத்தில் அந்நோய் இருந்தால் இன்னும் கூடுகிறது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, ஓர் ஆண்டில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி பேர். அதில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 72 லட்சம். இந்த 72 லட்சம் பேரும் தடை இருக்கும்போதே உருவானவர்கள். போலீஸ் பிடிக்குமோ என்ற பயத்தில் மருத்துவரிடம் வாய் திறக்காதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். கள்ளச்சந்தையில் விற்பவர் வயது கேட்பதில்லை, பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்வதும் இல்லை. 21 வயது ஆனதா என்று அட்டை பார்க்கிற கடை பிள்ளைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்பதே என் வாதம். உருகுவேயில் மருந்துக் கடையில் கைரேகை வைத்தால்தான் கொடுக்கிறார்கள், மாதம் 40 கிராமுக்கு மேல் கிடைக்காது.

இனி, போதைக்காக இல்லாமல் நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் ஹெம்ப். நம் உழவர்கள் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பு வேறு, கோணிப்பைச் சணல் வேறு. ஹெம்ப் இந்த இரண்டும் அல்ல, கஞ்சாச் செடிதான், ஆனால் டிஎச்சி 0.3 விழுக்காட்டுக்குள் அடங்கும் ரகம். அந்த 0.3 என்பது எர்னஸ்ட் ஸ்மால் என்ற கனடிய தாவரவியலாளர் 1976இல் வகைப்பாட்டுக்காகப் போட்ட கோடு. பல நாட்டுச் சட்டங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

ஹெம்ப் பயிரிட நாடாளுமன்றம் புதுச் சட்டம் எதையும் போட வேண்டியதில்லை. என்டிபிஎஸ் சட்டத்தின் 14ஆம் பிரிவே நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதி கொடுக்கலாம் என்கிறது. உத்தராகண்ட் 2018இல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. அங்கே மலைக் கிராமங்களில் இந்த விதையை வறுத்து அரைத்த சட்னி வீட்டுச் சாப்பாடு, இதன் நாரில் நெய்த துணிக்குப் பாங்கேலா என்று பெயர். விதையில் புரதம் கால் பங்கு, எண்ணெய் அதைவிடச் சற்றுக் கூடுதல், போதை இல்லை. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதை, எண்ணெய், மாவு மூன்றையும் உணவாக ஏற்றது. நார் எடுத்த பிறகு மிஞ்சும் தண்டுச் சக்கையைச் சுண்ணாம்போடு குழைத்தால் சுவர் கட்டலாம், வெயிலைத் தாங்கும். எல்லோராவின் பழைய மண் பூச்சில் இந்தச் செடியைக் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஹெம்ப் வயலுக்குள் கஞ்சாவை ஒளித்து வளர்ப்பார்கள் என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள். நவ்காவ் போத்தார்களை நினைத்துப் பாருங்கள். ஒரே ஓர் ஆண் செடி தப்பினாலும் சரக்கு கெடும் என்று வயலெல்லாம் தேடியவர்கள் அவர்கள். ஹெம்ப் வயலில் ஆண் செடிகள் நிறைந்திருக்கும், மகரந்தம் கிலோமீட்டர் கணக்கில் காற்றில் போகும். நாருக்காக நெருக்கி விதைத்துக் கிளையில்லாமல் ஒல்லியாக ஓங்கி நிற்கும் பயிர் அது. கஞ்சா பயிரிடுகிறவர் அதன் பக்கத்திலேயே வர மாட்டார்.

ஹெம்ப் வந்தால் பருத்தி போய்விடும், காடு பிழைத்துவிடும் என்று பேசுகிறவர்களையும் நான் நம்பவில்லை. தண்டை ஊறவைக்க வேண்டும், நார் உரிக்கும் இயந்திரம் வேண்டும். நீள நாரைப் பருத்தி அளவுக்கு நறுக்கி மிருதுவாக்காமல் நம் கோவை, திருப்பூர் நூற்பாலைகளில் ஓட்ட முடியாது. அந்த ஆலை இல்லாமல் உழவரிடம் விதையை மட்டும் கொடுத்தால், அறுவடை களத்திலேயே கிடக்கும். ஒரு மாவட்டத்தில், ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தோடும் ஒரு நூற்பாலையோடும் ஒப்பந்தம் போட்டு, வேளாண் பல்கலைக்கழகம் நம் வெயிலில் 0.3ஐத் தாண்டாத ரகத்தைத் தேர்ந்து கொடுத்துத் தொடங்கலாம். இதற்கு மாநில அரசின் ஒரு விதிமுறை போதும்.

பூவின் கதை கடினம். நாடாளுமன்றம் திருத்த வேண்டும், ஐ.நா. உடன்படிக்கையோடும் கணக்குத் தீர்க்க வேண்டும். வழி இல்லாமல் இல்லை. கோக்கா இலை மெல்லும் தன் மக்களுக்காகப் பொலிவியா அந்த உடன்படிக்கையிலிருந்து விலகி, 2013இல் தனக்கு வேண்டிய விலக்கோடு மீண்டும் சேர்ந்தது. அதுவரை சிறு அளவு, அதாவது ஒரு கிலோவுக்குள் வைத்திருப்போரையும் புகைப்போரையும் கைது செய்யாமல் மருத்துவரிடம் அனுப்பலாம். சிகிச்சைக்கு வருவோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64ஏ பிரிவு சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வழக்கறிஞர்களுக்கே தெரிவதில்லை.

சட்டம் மாறும் நாளில், ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களை என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். கனடா 2019இல், கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்கள் கட்டணமின்றி விண்ணப்பித்துப் பதிவை ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம் என்றது. தகுதியுள்ளவர்களில் மிகச் சிலரே விண்ணப்பித்தார்கள். படிவம், கைரேகை, காவல்நிலையச் சான்று என்று அலைய யாருக்குத் தெம்பு இருக்கிறது? இங்கே விண்ணப்பமே கேட்கக் கூடாது. சிறு அளவு வழக்குகளின் கோப்புகளை நீதிமன்ற அலுவலகமே எடுத்து, பதிவை நீக்கி, உரியவர் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் உத்தரவை அனுப்ப வேண்டும். மசோதாவின் வரைவை எழுதும் வாய்ப்பு இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் யாருக்காவது கிடைத்தால், இந்தப் பிரிவைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள்.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்று அவைத் தலைவர் சொல்கிறார். கேளுங்கள்.